‘செக்ரெட்டரி’க்குத் தமிழில் என்ன போடுவது?

கேள்வி இது: குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறீர்கள். அவர் முதலில் ஓர் அமைச்சரின் பிரைவேட் செக்ரெட்டரி. அப்புறம் ஒரு சங்கத்தின் ஹானரரி செக்ரெட்டரி. அவருடைய மனைவி ஒரு வழக்கறிஞரிடம் லீகல் செக்ரெட்டரி. மூன்று இடத்திலும் ‘செயலாளர்’ என்று போட்டால் சரியாக இருக்குமா, இல்லை ஒன்றுக்காவது ‘தட்டச்சர்’ என்று போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘செயலாளர்’ என்று போடலாம், இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் படிப்பவருக்கு அந்த மூன்று பேரும் யார் என்று தெரியாமல் போய்விடும். ‘செக்ரெட்டரி’ என்ற சொல் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்வதே இல்லை. யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதனால் இந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது ‘யாருக்குச் செக்ரெட்டரி?’ என்பதைத்தான்.

ஒரே சம்பவத்தில் மூன்று வகைச் செக்ரெட்டரிகள் வருகிற ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். 1974 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். விலகல் கடிதம் ஒரே ஒரு வாக்கியம். தலைப்பில் ‘டியர் மிஸ்டர் செக்ரெட்டரி’ என்று இருக்கும். அந்தக் கடிதத்தின் படத்தைப் பார்த்தால், 11.35 என்று நேரம் குறித்து, பெற்றுக்கொண்டவர் போட்ட சுருக்கொப்பமும் தெரியும். அது ஹென்றி கிஸ்ஸிங்கருடையது. அவர் அப்போது செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட், அதாவது வெளியுறவு அமைச்சர். அதிபரின் விலகல் கடிதம் அந்த அலுவலகத்தில்தான் சேர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இதை ‘செயலாளருக்குக் கடிதம் கொடுத்தார்’ என்று தமிழில் எழுதினால், அதிபர் தன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவரிடம் காகிதத்தை நீட்டிவிட்டுப் போனார் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அறைக்கு வெளியேயும் ஒரு செக்ரெட்டரி இருக்கத்தான் செய்தார். ரோஸ் மேரி வுட்ஸ், 1951 முதல் நிக்சனிடம் வேலை பார்த்தவர். நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் பெரிய சிக்கலாகிப்போன ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல்தான் இருந்தது. அதில் சுமார் ஐந்து நிமிடம் தன் கையால் தவறுதலாக அழிந்திருக்கலாம் என்று அவர் 1973இல் நீதிமன்றத்தில் சொன்னார். நாடாவைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது, எட்டி எடுக்கும்போது கால் நாடாக் கருவியின் பெடலில் இருந்தது, விரல் தவறான பொத்தானில் பட்டது என்பது அவருடைய வாக்குமூலம். எப்படி எட்டினார் என்று அவர் மேசையில் உட்கார்ந்து காட்டிய புகைப்படம் ஒன்று உண்டு. ஒரு கை பின்னால் தொலைபேசிக்கு நீண்டிருக்கும், கால் பெடலுக்கு நீண்டிருக்கும், உடம்பு முழுக்க இழுபட்டிருக்கும். மூன்றாமவர் ரான் ஸீக்லர், பிரஸ் செக்ரெட்டரி, நிருபர்கள் முன் நின்று பதில் சொன்னவர். தமிழில் இந்த மூவரையும் வெளியுறவு அமைச்சர், அந்தரங்கச் செயலாளர், செய்தித் தொடர்பாளர் என்று பிரித்து எழுதினால்தான் கதை புரியும். ஆங்கிலத்தில் மூவருக்கும் ஒரே சொல்.

இவ்வளவு தூரம் ஒரு சொல் எப்படி விரிந்தது? வேர் லத்தீனில் இருக்கிறது. ‘சீக்ரெட்’ என்கிறோமே, அதே ரகசியம்தான். இடைக்கால லத்தீனில் ‘செக்ரெடாரியுஸ்’ என்றால் ரகசியம் ஒப்படைக்கப்பட்டவர். அரசனோ பிரபுவோ வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டு, எழுதி, முத்திரையிட்டு அனுப்புகிறவர் அவர். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அரசனுக்கு அடுத்தபடி தெரிந்தவரும் அவர்தான். எழுதுகிற வேலையும் ரகசியம் காக்கிற வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தன.

நம் மொழியிலும் இதே போன்ற ஒரு சொல் இருந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. சோழர் கல்வெட்டுகளில் ‘திருமந்திர ஓலை’ என்ற அதிகாரி வருகிறார். அரசனின் ஆணையை ஓலையில் எழுதுகிறவர். ‘மந்திரம்’ என்பதற்கு அங்கே மறைவாகப் பேசும் ஆலோசனை என்று பொருள். ‘மந்திரி’யும் அந்த வேரிலிருந்து வந்தவர்தான். மறைவான பேச்சுக்கு அருகே இருப்பவர், அதை எழுத்தாக்குகிறவர் என்று இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் யோசித்திருக்கின்றன.

அருகில் இருப்பவர் மெல்ல வலிமை பெறுவது இயல்பு. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் செக்ரெட்டரியாக 1534இல் தாமஸ் குரோம்வெல் வந்தபோதே அது நாட்டின் போக்கைத் தீர்மானிக்கிற பதவியாகிவிட்டது. முதலாம் எலிசபெத்தின் காலத்தில் பிரான்சிஸ் வால்சிங்ஹாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வேலையில் பாதி உளவு. 1586இல், சிறையிருந்த ஸ்காட்லாந்து ராணி மேரிக்குப் பீர் பீப்பாயின் அடைப்பானுக்குள் ஒளித்துக் கடிதங்கள் போய்வந்தன. அந்த வழியை ஏற்பாடு செய்ததே வால்சிங்ஹாமின் ஆட்கள். ஒவ்வொரு கடிதமும் வழியில் பிரிக்கப்பட்டு, சங்கேதம் உடைக்கப்பட்டு, மறுபடி மூடப்பட்டுப் போனது. மேரி சொன்னதைச் சங்கேதமாக மாற்றி எழுதியவர்கள் யாரென்றால், அவருடைய செக்ரெட்டரிகள் நோவும் கர்லும். அவர்கள் கைதாகிக் கொடுத்த வாக்குமூலம், எலிசபெத்தைக் கொல்லும் சதிக்கு மேரி உடந்தை என்ற வழக்கில் பயன்பட்டது. 1587 பிப்ரவரியில் மேரியின் தலை போனது. எழுதினவர்கள் செக்ரெட்டரிகள், திருடிப் படித்தவர் செக்ரெட்டரி. வேரில் இருக்கிற ‘ரகசியம்’ இந்த ஒரு வழக்கில் முழுதாகத் தெரிகிறது.

இங்கிருந்துதான் சொல் இரண்டாகக் கிளைக்கிறது. அரசனின் செக்ரெட்டரி பிரிட்டனில் மெல்ல அமைச்சர் ஆனார். 1782இல் உள்நாட்டுக்கு ஒருவர், வெளிநாட்டுக்கு ஒருவர் என்று பிரித்தார்கள். இன்றைக்கும் அங்கே ஹோம் செக்ரெட்டரி என்றால் உள்துறை அமைச்சர், ஃபாரின் செக்ரெட்டரி என்றால் வெளியுறவு அமைச்சர். அமைச்சருக்குக் கீழே இருக்கும் நிரந்தர அதிகாரிக்குப் பெயர் பர்மனென்ட் செக்ரெட்டரி. இந்தியாவிலோ ஹோம் செக்ரெட்டரியும் ஃபாரின் செக்ரெட்டரியும் அதிகாரிகள். அமைச்சர்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆள் வேறு. பிரிட்டிஷ் ஹோம் செக்ரெட்டரியை ‘உள்துறைச் செயலர்’ என்று எழுதுகிற செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. இந்திய வழக்கில் பழகிய வாசகருக்கு அது ஓர் அதிகாரியின் முகத்தைத்தான் காட்டும்.

பழைய தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். 1858க்குப் பிறகு இந்திய விவகாரங்களுக்கென்று லண்டனில் ஒரு செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் இருந்தார். அவரை அவர்கள் ‘இந்தியா மந்திரி’ என்று எழுதினார்கள். பதவிப் பெயரை மொழிபெயர்க்கவில்லை, பதவியை மொழிபெயர்த்தார்கள். எனக்கு இன்றும் அதுதான் வழிகாட்டி.

அமெரிக்காவில் துறைத் தலைவர்கள் எல்லாருமே செக்ரெட்டரிகள். பாதுகாப்பு, நிதி, கல்வி எதுவானாலும் சரி. சட்டத் துறைக்கு மட்டும் அட்டர்னி ஜெனரல். கென்யாவில் 2010 அரசியல் சாசனத்துக்குப் பிறகு அமைச்சர்களுக்கே ‘கேபினட் செக்ரெட்டரி’ என்று பெயர். அதே இரண்டு சொற்கள் பிரிட்டனிலும் இந்தியாவிலும் அதிகார வர்க்கத்தின் உச்சியில் இருக்கும் அதிகாரியைக் குறிக்கும். ஜெர்மனியில் ‘செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்பதை அப்படியே ஜெர்மனில் சொன்னால் அமைச்சருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். வாடிகனில் செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் ஒரு கர்தினால், போப்பாண்டவருக்கு அடுத்து நிர்வாகத்தைப் பார்ப்பவர்.

அண்டர் செக்ரெட்டரி இதைவிட ஏமாற்றும். ‘அண்டர்’ என்று இருப்பதால் கீழே இருப்பவர் என்று நினைத்துவிடுவோம். இந்தியத் தலைமைச் செயலகங்களில் அது உண்மைதான். சார்புச் செயலாளர் என்று தமிழில் சொல்கிறோம், அவருக்கு மேலே துணை, இணை, கூடுதல் என்று நீண்ட ஏணி இருக்கிறது. அமெரிக்காவில் அண்டர் செக்ரெட்டரி துறைத் தலைவருக்கும் அவருடைய துணைவருக்கும் அடுத்த வரிசையில் இருப்பவர். ஐ.நா.வில் அண்டர் செக்ரெட்டரி ஜெனரல் என்றால் மிகப் பெரிய அதிகாரி. பிரிட்டனில் பார்லிமென்ட்ரி அண்டர் செக்ரெட்டரி ஓர் இளநிலை அமைச்சர். அமெரிக்க அண்டர் செக்ரெட்டரி ஒருவர் வந்து பேச்சு நடத்தினார் என்கிற செய்தியில் ‘சார்புச் செயலாளர்’ என்று போட்டால், வந்தவரையும் வரவேற்றவரையும் சேர்த்துச் சின்னவர்கள் ஆக்கிவிடுகிறோம். தூதரகங்களில் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு செக்ரெட்டரி என்பவை தூதருக்கும், ‘கவுன்சிலர்’ எனப்படும் மூத்த தூதரக அதிகாரிக்கும் கீழே வருகிற படிநிலைகள். அங்கே ‘முதன்மைச் செயலாளர்’ என்று எழுதிவிடாதீர்கள், ‘முதல் நிலைச் செயலர்’ போதும்.

கட்சிக்கு வருவோம். சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியில் 1922 ஏப்ரலில் ஸ்டாலினைப் பொதுச்செயலாளர் ஆக்கியபோது, பலருக்கு அது கோப்பு பார்க்கிற அலுவலக வேலையாகத்தான் பட்டது. ஆனால் யாரை எந்த ஊர்க் கமிட்டிக்கு அனுப்புவது, எந்தக் கூட்டத்தில் எதைப் பேசுவது எல்லாம் அந்தக் கோப்புகளில்தான் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நோயில் படுத்திருந்த லெனின், பொதுச்செயலாளர் ஆனபின் ஸ்டாலின் கையில் எல்லையில்லா அதிகாரம் குவிந்துவிட்டது என்று எச்சரித்துக் குறிப்பு எழுதவைத்தார். அவரால் தன் கையால் எழுத முடியாத நிலை. சொல்லச் சொல்ல எழுதியவர்கள் அவருடைய செக்ரெட்டரிகள். அந்தச் சொல்லின் இரண்டு முனைகளும் அந்த அறையில் இருந்தன: ஒருவர் குறிப்பேட்டோடு கட்டிலருகே, இன்னொருவர் அந்தக் குறிப்பின் பொருளாக. பின்னால் அந்தப் பதவியே நாட்டின் உண்மையான தலைமைப் பதவி ஆனது. கோர்பச்சேவ் 1985இல் ஆட்சிக்கு வந்தார் என்று நாம் சொல்வது அவர் பொதுச்செயலாளர் ஆன நாளை வைத்துத்தான்.

ஐ.நா.வின் செக்ரெட்டரி ஜெனரலையும் தமிழில் பொதுச்செயலாளர் என்றே சொல்கிறோம். வழக்கம் ஊன்றிவிட்டது, மாற்றத் தேவையில்லை. ஆனால் ஐ.நா. சாசனத்தின் 97ஆம் பிரிவு அவரை அமைப்பின் தலைமை நிர்வாக அதிகாரி என்றுதான் சொல்கிறது. 99ஆம் பிரிவு, உலக அமைதிக்கு ஆபத்து என்று அவர் கருதுகிற விஷயத்தைப் பாதுகாப்பு சபையின் கவனத்துக்குக் கொண்டுபோக உரிமை தருகிறது. கட்டளையிடும் அதிகாரம் சபைகளிடம் இருக்கிறது. கட்சிப் பொதுச்செயலாளரோடு அவரை ஒப்பிட்டு ‘இவர் ஏன் ஒன்றும் செய்யவில்லை?’ என்று கேட்பவர்கள் சொல்லால் ஏமாந்தவர்கள்.

கம்பெனி செக்ரெட்டரி என்பது தனித் தொழில். தட்டச்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்புவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, பங்குதாரர் பதிவேடு வைப்பது, சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டியதைத் தாக்கல் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. இந்தியாவில் இதற்கென 1980ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, தேர்வு எழுதித்தான் நுழைய முடியும். இங்கிலாந்து நீதிமன்றங்களில் இந்தப் பதவி வளர்ந்த விதம் சுவையானது. 1887இல் ஒரு வழக்கில், கம்பெனி செக்ரெட்டரி வெறும் ஊழியர், சொன்னதைச் செய்பவர் என்றார்கள். 1971இல் வேறொரு வழக்கு. ஒரு கம்பெனியின் செக்ரெட்டரி, கம்பெனி வேலைக்கென்று சொல்லிக் கார்களை வாடகைக்கு எடுத்துத் தன் சொந்த வேலைக்கு ஓட்டினார். வாடகையைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்றார் டென்னிங் பிரபு. காலம் மாறிவிட்டது, நிர்வாக விஷயங்களில் கம்பெனியின் பெயரால் ஒப்பந்தம் போடும் அதிகாரம் இந்தப் பதவிக்கு உண்டு என்று மற்றவர்கள் நம்புவது நியாயம்தான் என்பது அவர் சொன்ன காரணம்.

இனி, நம் எல்லார் மனத்திலும் முதலில் வருகிற செக்ரெட்டரி: மேசை, தட்டச்சுப் பொறி, தொலைபேசி. ரெமிங்டன் நிறுவனத்தின் தட்டச்சுப் பொறி 1874 வாக்கில் விற்பனைக்கு வந்தது. அதுவரை அலுவலக எழுத்து வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் அலுவலகங்களுக்குள் வந்தார்கள். ஆரம்பத்தில் ‘டைப்ரைட்டர்’ என்ற சொல்லே பொறியையும் அதை இயக்கியவரையும் சேர்த்துக் குறித்தது. பெண்கள் நிறைந்ததும் அந்த வேலையின் மதிப்பைக் குறைத்துப் பேசும் பழக்கமும் வந்தது. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம், ஏனென்றால் வேலை எளிதானதல்ல.

சுருக்கெழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறையில், ஒரே சாய்ந்த கோட்டை மெல்லியதாக இழுத்தால் ‘பென்’ என்பதில் வரும் முதல் ஒலி, அழுத்தி இழுத்தால் ‘பஸ்’ என்பதில் வரும் முதல் ஒலி. தமிழில் இரண்டுக்கும் ‘ப’ ஒன்றே போதும், பிட்மனில் பென்சிலின் அழுத்தம்தான் எழுத்து. கோடு வரியின் மேலே நிற்கிறதா, வரியில் உட்கார்கிறதா, வரியை வெட்டிக்கொண்டு போகிறதா என்பதை வைத்து உயிரொலியை ஊகிக்க வேண்டும். பேசுகிறவர் நிறுத்தமாட்டார். நூறு சொல்லுக்கு மேல் ஒரு நிமிடத்தில் ஓடும்போது விரல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே, அவர் இலக்கணத்தையும் மனத்துக்குள் திருத்தி, அப்புறம் பிழையில்லாத கடிதமாகத் தட்டச்சு செய்து, அதில் இருந்ததை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசிப் பகுதிதான் சொல்லின் வேர்.

பின்னால் அந்தச் சொல்லே இழிவாகப் படுவதாகச் சிலர் உணர்ந்தார்கள். அமெரிக்காவில் 1952இல் தொடங்கிய செக்ரெட்டரிகள் வாரம் 2000இல் ‘நிர்வாகப் பணியாளர்’ என்ற பொருள்படும் பெயருக்கு மாறியது. இப்போது பல அலுவலகங்களில் எக்சிக்யூடிவ் அசிஸ்டென்ட் என்கிறார்கள். அமைச்சர்களின் பதவிப் பெயரை மட்டும் யாரும் மாற்றக் கேட்கவில்லை.

இறகுப் பேனா காலத்தின் மிச்சமாக ஆங்கிலத்தில் வேறு இரண்டு செக்ரெட்டரிகளும் உண்டு. ஒன்று, முன்பலகையை இறக்கினால் எழுதுபலகையாகும் அலமாரி மேசை. இன்னொன்று ஆப்பிரிக்கப் புல்வெளியில் நீண்ட கால்களால் பாம்பை மிதித்துக் கொல்லும் பறவை. தலைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இறகுகள், காதில் பேனா செருகிய எழுத்தரை நினைவூட்டியதால் அந்தப் பெயர் என்பது பரவலான விளக்கம். மொழிபெயர்ப்பில் பறவையைச் ‘செயலாளர் பறவை’ என்று எழுதலாம், தவறில்லை.

தமிழ்ச் சொற்களுக்கு வருகிறேன். ‘காரியதரிசி’ என்பது முன்பு பத்திரிகைகளிலும் சங்கங்களிலும் எங்கும் இருந்தது. காரியத்தைப் பார்ப்பவர் என்று பொருள். அதன் இடத்தில் ‘செயலாளர்’ வந்தது, அதன் சுருக்கமாகச் ‘செயலர்’. இரண்டுமே செயலைச் சொல்கின்றன, ரகசியத்தை விட்டுவிட்டன. ‘அந்தரங்கச் செயலாளர்’ என்பதில் மட்டும் பழைய வேர் தெரிகிறது. நேர்முக உதவியாளர் என்பது பி.ஏ.வுக்கு, அதாவது பர்சனல் அசிஸ்டென்டுக்கு, அதைப் பிரைவேட் செக்ரெட்டரிக்குப் போட வேண்டாம்.

உங்கள் பெரியவர் விஷயத்தில், அமைச்சரின் பிரைவேட் செக்ரெட்டரி என்பது அரசுப் பணியாக இருந்தால் அவர் அமைச்சரின் அலுவலகத்தை நடத்தியவர். எந்தக் கோப்பு மேசைக்குப் போகலாம், யார் உள்ளே போகலாம் என்று பார்த்தவர். பிரிட்டிஷ் மரபில் வந்த நிர்வாகங்களில் பெரும்பாலும் திறமையான அதிகாரிகளையே அந்த இடத்துக்குப் போடுவார்கள். ‘அமைச்சரின் தனிச்செயலாளர்’ என்று எழுதுங்கள், துறையின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹானரரி செக்ரெட்டரிக்கு ‘கௌரவச் செயலாளர்’ என்று போடும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் தயக்கம். கௌரவ டாக்டர் பட்டம் போல, பெயருக்கு இருந்தவர் என்று தோன்றிவிடும். உண்மையில் சங்கத்தின் கடிதம், கூட்டக் குறிப்பு, சந்தா நினைவூட்டல் எல்லாவற்றையும் ஒரு பைசா வாங்காமல் செய்தவர் அவர். ‘ஊதியம் பெறாமல் சங்கச் செயலாளராக இருந்தார்’ என்று விரித்தே எழுதிவிடுங்கள். இரண்டு சொல் கூடினாலும் நியாயம் அவர் பக்கம்.

மனைவியைத் தட்டச்சர் என்று போடாதீர்கள். லீகல் செக்ரெட்டரி மனுக்களையும் ஒப்பந்தங்களையும் வழக்கறிஞர் சொல்வதிலிருந்து ஆவணமாக்குகிறவர், வழக்குத் தேதிகளைக் குறித்து வைப்பவர், தாக்கல் செய்யும் கெடு தவறாமல் பார்ப்பவர். கெடு தவறினால் வழக்கே போய்விடும். ‘வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராகப் பணிபுரிந்தார்’ என்பது சரியான வரி. அவர் என்னென்ன செய்தார் என்று வீட்டில் கேட்க யாராவது இருந்தால் கேட்டு, இன்னொரு வரி சேருங்கள்.